பழைய ஃபேனுக்குக் காயில் கட்டுவது முட்டாள்தனமா?

ஏப்ரல் 19, 2025 – வாசகர் கேள்வி

எங்கள் வீட்டுக் கூடத்தில் 22 ஆண்டுகளாக ஓடும் சீலிங் ஃபேன் ஒரு வாரமாக மெதுவாகச் சுற்றுகிறது. நடுப்பகுதியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கழற்றித் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோனோம். காயில், அதாவது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள், போய்விட்டது, புதிதாகக் கட்டித்தர 550 ரூபாய் என்றார்கள். அப்பா கட்டச் சொல்கிறார். 3,000 ரூபாய்க்கு பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத மோட்டாரை மின்னணுப் போர்டு ஓட்டும் ரகம், கிடைக்கிறது. பழையது 75 வாட், புதியது 30 வாட். இந்தக் காலத்தில் ஃபேனுக்குக் காயில் கட்டுவதைப் போல முட்டாள்தனம் வேறு உண்டா? இந்தக் கடைகளெல்லாம் பத்து ஆண்டுகளுக்கு முன்பே மூடியிருக்க வேண்டியவை. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஏப்ரல் 19, இரவு 10:40

மறுக்கிறேன். மூடியிருக்க வேண்டிய கடை ஒன்றின் முதலாளி நான். கோவை கணபதியில் 1994 முதல் காயில் கட்டுகிறேன். ஃபேன், மிக்சி, கிரைண்டர், கிணற்று மோட்டார், எது வந்தாலும் கட்டுவேன்.

தம்பி, மெதுவாகச் சுற்றுகிறது என்றால் முதலில் கண்டென்சரை, மோட்டாரைச் சுற்றவைக்க உதவும் சின்னப் பாகத்தை, பார்க்க வேண்டும். பெரும்பாலான ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இருக்கும். வயதாக ஆக அதன் அளவு குறைந்துகொண்டே வரும். 1.5க்கு இறங்கிவிட்டால் ஃபேன் ஏதோ கடமைக்குச் சுற்றும். புதிய கண்டென்சர் நாற்பது, ஐம்பது ரூபாய். அதை அளக்காமலே காயில் போய்விட்டது என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. உங்கள் தெருமுனைக்காரர் அந்த ரகம் என்றே தோன்றுகிறது. 50 ரூபாயில் முடிகிற காரியத்துக்கு 3,000 ரூபாய்த் தீர்வும் ஒரு தத்துவமும் தேடுகிறீர்கள்.

ஏப்ரல் 20, காலை

கணக்குக் கேட்டிருக்கிறார்கள். போடுகிறேன்.

75 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் வித்தியாசம் 45. நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் 360 வாட் மணி. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதனால் 60 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 21.6 யூனிட் வருகிறது. யூனிட் தோராயமாக ஐந்து ரூபாய் என்றால் 108 ரூபாய், ஆண்டுக்கு ஆறு பில்லில் 648 ரூபாய். 3,000 ரூபாய் ஃபேனுக்கும் 550 ரூபாய் காயிலுக்கும் நடுவே 2,450 ரூபாய் நிற்கிறது. அதை மீட்க ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த ஃபேனுக்குள் இருக்கும் போர்டு உயிரோடு இருக்குமா என்பதுதான் கேள்வி.

இத்துடன் வழக்கு முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 22

முடியவில்லை.

மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என் கணக்கைப் பிரித்து மேய்ந்துவிட்டார். அவர் சொன்னதில் எனக்கு உறைத்தவை இரண்டு. ஒன்று, கூடத்து ஃபேன் 8 மணி நேரமா ஓடுகிறது? வயதானவர்கள் இருக்கும் வீட்டில் 15, 16 மணி நேரம் ஓடும். சரிதான், என் வீட்டிலேயே அப்படித்தான். நான் கடையில் உட்கார்ந்துகொண்டு கடைக்கணக்குப் போட்டிருக்கிறேன்.

இரண்டாவதுதான் பெரிது. ஐந்து ரூபாய் என்ற ஒரே விலையே நம் பில்லில் கிடையாது. இந்த 2025 கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்கும் வீட்டில் எந்த ஃபேனை மாட்டினாலும் பில்லில் மிச்சமாவது பூஜ்யம். மேலே ஏற ஏற விலையும் ஏறுகிறது. நாம் மிச்சப்படுத்தும் யூனிட், பட்டியலின் உச்சியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட். சராசரி விலையை வைத்துப் போடும் கணக்கு அதனாலேயே பிழை. போதாததற்கு 500ஐத் தாண்டினால் 101ஆவது யூனிட்டிலிருந்தே வேறு விலைப்பட்டியல். 495இல் நிற்கும் வீட்டுக்கும் 505க்குப் போன வீட்டுக்கும் வித்தியாசம் பத்து யூனிட்தான், பில்லிலோ இருநூறு ரூபாய்க்கு மேல் கூடிவிடும். மூன்று ஃபேனை மாற்றி 540இலிருந்து 450க்கு இறங்கும் வீடு, ஒன்றரை ஆண்டிலேயே போட்ட பணத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிடும்.

ஆகவே என் நான்கு ஆண்டுக் கணக்கு ரத்து. உங்கள் கடைசி மூன்று பில்லில் யூனிட் எவ்வளவு என்று தெரியாமல் யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் சொன்னது தவறு. கேள்வி கேட்ட தம்பியும் பில்லைச் சொல்லவில்லை என்பதை ஒரு மூலையில் குறித்துவைக்கிறேன்.

ஏப்ரல் 22, சிறிது நேரம் கழித்து

75ஐயும் 30ஐயும் ஒப்பிடுவது தாத்தாவையும் பேரனையும் ஓட்டப்பந்தயத்தில் விடுவது. நடுவில் ஒரு தலைமுறை இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதை வைத்து நட்சத்திரம் தருகிறார்கள். போர்டு, ரிமோட் எதுவும் இல்லாத சாதா ஃபேனிலேயே ஒரு நட்சத்திரம் வாங்கியது 50 வாட் சொச்சத்தில் ஓடுகிறது. விலையும் பிஎல்டிசியில் பாதி, சற்றே கூடலாம். ஷோரூம்காரர் அதை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருப்பார். குனிந்து கேளுங்கள்.

ஏப்ரல் 25

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: “கண்டென்சர் மாற்றிப் பார்த்தோம், அண்ணா. 45 ரூபாய். ஃபேன் அதே மாதிரிதான் ஓடுகிறது, இப்போது கருகின வாசனையும் வருகிறது.”

அப்படியானால் காயில்தான். தெருமுனைக் கடைக்காரர் சொன்னது சரி. அவர் யாரென்று தெரியாமலே அவரை ஒரு ரகத்தில் சேர்த்துவிட்டேன். முகம் தெரியாத அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஃபேனைக் கண்ணால் பார்க்காமல் நோய் சொன்னேன். என் கடைக்கு வந்து யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் விரட்டியிருப்பேன்.

ஏப்ரல் 25, இரவு

“உங்கள் வீட்டில் என்ன ஃபேன் ஓடுகிறது?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வம்புக்குக் கேட்டதுதான். இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

பிஎல்டிசி. மூன்று.

மகள் வாங்கி வந்தாள். அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே ஒரு மாதம் மூலையில் வைத்திருந்தேன். காயில் கட்டுகிறவன் வீட்டில் இது தொங்கினால் தெருவில் என்ன சொல்வார்கள்? பிறகு ஒரு கோடை இரவு, டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து எங்கள் பகுதி முழுக்க இருட்டு. இன்வெர்ட்டரில் மூன்று சாதா ஃபேன் ஓடின. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி, நான்கு வயதானது. இரவு இரண்டு மணிக்குப் படுத்துவிட்டது. அம்மா விடியும் வரை விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்தார். காலையில் நானே ஏணியை எடுத்து வந்து பெட்டியைப் பிரித்தேன்.

மூன்று சாதா ஃபேன் 225 வாட், மூன்று பிஎல்டிசி 90 வாட். இதே பேட்டரி இப்போது விடியும் வரை தாங்குகிறது. இன்னொன்று, எங்கள் தெருவில் மாலை ஏழு மணிக்கு வோல்டேஜ் 180க்கு இறங்கும். அப்போது சாதா ஃபேன் சோர்ந்துவிடும், இது அதே வேகத்தில் சுற்றும். உள்ளே வரும் மின்சாரத்தைத் தனக்கு வேண்டிய நேர்மின்சாரமாக மாற்றிக்கொள்கிறது, வெளியே 180 இருந்தாலும் 230 இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. குறைந்த வேகத்தில் அது தின்பது பத்துப் பன்னிரண்டு வாட்தான். பழைய பெட்டி ரெகுலேட்டர் வைத்த சாதா ஃபேனோ வேகத்தைக் குறைத்தால் மீதி மின்சாரத்தைச் சுவரில் சூடாக்கிக் கொண்டிருக்கும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் முதல் நாள் மறுத்தேன். அன்று எழுதியவன் தொழில்நுட்பம் பேசவில்லை. “மூடியிருக்க வேண்டிய கடை” என்ற வார்த்தைக்குப் பதில் பேசினான்.

ஏப்ரல் 27

ரிமோட் பற்றி ஒன்று. மகள் வாங்கியதில் இரண்டு ஃபேன் கூடத்தில் தொங்குகின்றன. ஒரே நிறுவனம், ஒரே மாதிரி ரிமோட். ஒன்றை அழுத்தினால் இரண்டும் கேட்கும். அம்மாவுக்குக் காற்று வேண்டும், என் மனைவிக்குக் குளிரும். ஒருவர் கூட்ட, மற்றவர் குறைக்க, அரைமணி நேரம் மௌன யுத்தம் நடக்கும். இப்போது ஒரு ஃபேனின் ரிமோட் கண்ணில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அதைச் சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டுத்தான் கட்டுப்படுத்த வேண்டும். 31 ஆண்டுத் தொழில் அனுபவத்தில் நான் கண்ட தீர்வு ஒரு ரூபாய் டேப்.

ஏப்ரல் 30

இனி போர்டு விஷயம். நெடுநாளாக மனதில் கிடப்பது.

போன ஐப்பசி மழையில் எங்கள் பக்கத்துத் தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தது. அறுந்தால் என்ன ஆகும் என்று பலருக்குத் தெரியாது. மூன்று ஃபேஸும் நியூட்ரலைப் பொதுவாக வைத்துத்தான் வீடுகளுக்கு 230 வோல்ட்டைப் பங்கு போடுகின்றன. அது போய்விட்டால் பங்கு கலைந்துவிடும். சில வீட்டுக்கு 100 வரும், சில வீட்டுக்கு 350க்கு மேல் போகும். அன்று சில நிமிடம்தான் அப்படி இருந்தது. மறுநாள் காலை என் கடை வாசலில் ஊர்வலம். டிவி, செட்டாப் பெட்டி, செல்போன் சார்ஜர், எல்இடி விளக்கு, ஐந்து பிஎல்டிசி ஃபேன். அதே வீடுகளில் சாதா ஃபேனும் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட வரவில்லை. கொஞ்ச நேரம் பேய் வேகத்தில் சுற்றிவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தன.

ஐந்தில் இரண்டுக்கு உத்தரவாதக் காலம் இருந்தது. உயர் மின்னழுத்தத்தால் போனதற்கு உத்தரவாதம் பொருந்தாது என்றார்கள். எந்த நிறுவனம் என்பதெல்லாம் வேண்டாம். போர்டு தனியாக 900 ரூபாய், அதுவும் இருப்பில் இல்லை, மூன்று வாரம் ஆகும். ஐப்பசியானதால் பிழைத்தார்கள், சித்திரையில் மூன்று வாரம் ஃபேன் இல்லாமல் எப்படி இருப்பது?

நான் திறந்து பார்த்தேன். இரண்டு போர்டின் மேல் கறுப்புப் பிசினை ஊற்றி மூடியிருந்தார்கள். ஈரமும் தூசியும் போகாமல் இருக்க என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் என்னைப் போன்றவன் உள்ளே போகாமல் இருக்கவும் அது உதவுகிறது. சூடான காற்றை அடித்துச் சுரண்டிச் சுரண்டி எடுத்ததில் ஒரு போர்டின் பாதைகளே பெயர்ந்து வந்துவிட்டன. அது என் கைத்தவறு. பிசின் இல்லாத மூன்றில் ஒன்றில், அதிக வோல்டேஜைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் என்ற பாகம் வெடித்திருந்தது, ஃபியூஸ் எரிந்திருந்தது. வேரிஸ்டர் தன் உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருந்தது. இரண்டும் சேர்த்துப் பதினைந்து ரூபாய்ப் பொருள். மாற்றினேன், ஓடியது. மற்ற இரண்டில் மோட்டாரை இயக்கும் சில்லு போய்விட்டது, அதன் மேலிருந்த எழுத்தை உற்பத்தியிலேயே தேய்த்து அழித்திருந்தார்கள். என்ன சில்லு என்று தெரியாமல் எதை வாங்கி மாற்றுவது?

ஐந்துக்கு ஒன்று. முப்பது ஆண்டில் இவ்வளவு மோசமான தேர்ச்சி விகிதம் எனக்கு வந்ததில்லை.

மே 1

கடைக்கு விடுமுறை. நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, “புதிய தொழில்நுட்பத்தைப் பழையவர்கள் எதிர்ப்பது வழக்கம்தானே” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எது புதிது ஐயா? நீங்கள் பழசு என்று சொல்லும், சாதா ஃபேனில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாருக்கு டெஸ்லா அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1888. நீங்கள் புதிது என்று சொல்லும் பிரஷ் இல்லாத மோட்டாரை வில்சன், டிரிக்கி என்ற இருவர் விவரித்து எழுதியது 1962. அதுவும் என்னைவிட மூத்தது. காந்தமும் சில்லும் விலை குறைந்து நம் வீட்டுக் கூரைக்கு வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று, அவ்வளவுதான்.

கோவைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் இங்கே வந்தபின் நூற்பாலைகள் பெருகின, கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று சொல்லப்படுவது 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கியது. ஊர் முழுக்க மோட்டார் என்றால் ஊர் முழுக்க எரிந்த மோட்டாரும் இருக்குமே. அந்தச் சாம்பலில் முளைத்தவைதான் எங்கள் கடைகள்.

என் ஆசானிடம் ஒரு நோட்டு இருந்தது. நீளமான கணக்கு நோட்டு, கெட்டி அட்டை. ஒவ்வொரு மோட்டாரையும் பிரிக்கும்போது எத்தனை பள்ளம், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் (தடிமன்), ஓட்டும் ரன்னிங் காயில் எங்கே, கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் காயில் எங்கே என்று எண்ணி எழுதிவைப்பார். கருகிய காயிலில் சுற்றை எண்ணுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒருமுறை எண்ணி எழுதிவிட்டால் அந்த மாடல் எத்தனை முறை வந்தாலும் கட்டலாம். பக்கத்துக் கடைக்காரர் வந்து கேட்டால் கொடுப்பார். சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கடைக்காரருக்கும் கொடுப்பார். நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது, எண்ணெய்க் கறையோடு.

போர்டுக்கு அப்படி ஒரு நோட்டு எழுத முடியவில்லை என்பதே என் குறை. எண்ணுவதற்கு அதில் எதையும் விட்டுவைக்கவில்லை.

மே 3

இப்போது வந்த கேள்வி கொஞ்சம் கசப்பானது. அதனால் நேராகவே எடுத்துக்கொள்கிறேன். “காயில் கடைக்காரர்கள் செம்புக் கம்பி என்று சொல்லிவிட்டு அலுமினியத்தைச் சுற்றித் தருகிறார்களே, அந்த நோட்டில் அதுவும் எழுதியிருக்கிறதா?”

எழுதவில்லை. ஆனால் நடந்தது. 2006இல் செம்பு விலை எகிறியது. அதுவரை கட்டுப்படியான கூலியில் திடீரென்று கம்பிக்காசே வராது என்ற நிலை. விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். நான்கைந்து ஃபேனுக்கு அலுமினியக் கம்பி போட்டேன். மேலே வார்னிஷ் பூசிவிட்டால் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. கேட்டவர்களிடம் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு தையற்கார அம்மா அடுத்த கோடையில் அதே ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். எரிந்திருந்தது. ஒன்றும் திட்டவில்லை. “போன வருஷம்தானே கட்டினீர்கள்” என்றார். செம்பு போட்டுப் பணம் வாங்காமல் கட்டிக்கொடுத்தேன். மற்ற மூன்று நான்கு பேர் வரவில்லை. எங்கே போனார்களோ.

அலுமினியம் தன்னளவில் குற்றவாளி அல்ல. பெரிய மோட்டாரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் முறையாகப் போட்டால் நன்றாகவே வேலை செய்கிறது. செம்புக்காக வெட்டிய பள்ளத்தில் அதே தடிமனில் அலுமினியத்தைத் திணித்தால் தடை கூடும், சூடு கூடும். குற்றம் திணித்தவனுடையது.

மே 3, இரவு

பிசினை ஊற்றி மூடினார்கள் என்று மூன்று நாள் முன்பு குறை சொன்னேன். வார்னிஷும் ஒருவகைப் பிசின்தான். இதைச் சொல்லாமல் தூங்க முடியாது போலிருக்கிறது.

மே 8

கடையில் எனக்கு உதவியாக ஒரு பையன் இருந்தான். நான்கு ஆண்டுகள். கை நல்ல கை, கம்பியை இழுத்தால் ஒரே சீராக உட்காரும். பிப்ரவரியில் போய்விட்டான். உணவு விநியோகம் செய்கிறான். ஃபேன் காயில் ஒன்றுக்குக் கம்பி, தாள், வார்னிஷ் போக எனக்கு நிற்பது இருநூற்றைம்பது ரூபாய் அளவில். நாளைக்கு மூன்று கட்டினால் பெரிது. அதில் அவனுக்கு நான் எவ்வளவு கொடுக்க முடியும்? பேரிங் மாற்றும் வேலையில் இதைவிட நன்றாக நிற்கும். 6201, 6202 என்ற எண்ணுள்ள பேரிங் இரண்டையும் மாற்றி எண்ணெய் விட அரைமணி நேரம் போதும். ஆனால் பேரிங் போன ஃபேன் சத்தம் போட்டாலும் மக்கள் டிவியைக் கூட்டி வைத்துக்கொள்கிறார்களே தவிரக் கொண்டுவருவதில்லை.

போன வாரம் அவன் வந்தான், உணவுப் பையோடு. கடையில் கிடந்த பிஎல்டிசி ஒன்றைப் பார்த்துவிட்டு, சந்தையில் எல்லா ஃபேனுக்கும் பொருந்தும் என்று தனி போர்டு விற்கிறார்களே, நானூறு ஐநூறு ரூபாய்க்கு, வாங்கிப் போடலாமே என்றான். செல்போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டானாம். வாங்கினோம். மோட்டாரிலிருந்து வருவது மூன்றே கம்பி. இணைத்ததும் ஃபேன் நடுங்கியது, பிறகு தலைகீழாகச் சுற்றியது. காற்று கூரைக்குப் போயிற்று. மூன்றில் இரண்டு கம்பியை மாற்றிப் போடச் சொன்னான். நேராகச் சுற்றியது. தொழிற்சாலைப் பெரிய மோட்டாரில் நானே ஆயிரம் முறை செய்த வேலை, இதில் எனக்குத் தோன்றவில்லை!

பொருந்தும் என்றார்களே ஒழிய முழுதாகப் பொருந்தவில்லை. ஐந்தாம் வேகத்தில் லேசாக விம்முகிறது. வாடிக்கையாளர் பரவாயில்லை என்று கொண்டுபோய்விட்டார்.

மே 9

“பழுதுபார்க்கும் உரிமை என்று அரசு ஏதோ செய்ததே?” செய்தது. நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென்று ஒரு இணையதளமும் தொடங்கியது. வரவேற்கிறேன். என் தேவை அவ்வளவு பெரிதல்ல. போர்டை யார் கேட்டாலும் கடையில் விற்க வேண்டும். சில்லின் எழுத்தை அழிக்கக் கூடாது. பழைய வால்வு ரேடியோவின் உள்மூடியில் சுற்றுப்படம் ஒட்டியிருப்பார்கள், பார்த்திருக்கிறேன். ஃபேன் பெட்டியில் அப்படி ஒரு தாளை மடித்துப் போட்டால் ஐம்பது பைசா ஆகுமா?

மே 14

கேள்வி கேட்ட தம்பி வீட்டில் சமரசம் ஆகிவிட்டதாம். அப்பா பிடிவாதமாகக் காயில் கட்டிவிட்டார், மகன் பிடிவாதமாக பிஎல்டிசி வாங்கிவிட்டார். ஒன்று கூடத்தில், ஒன்று படுக்கையறையில். “இரண்டையும் அளந்து யார் சொன்னது சரி என்று பார்க்க வேண்டும், எப்படி அளப்பது?” என்கிறார்.

கருவி எதுவும் வேண்டாம். வீட்டு மின்மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டர்களில் 3,200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அளக்க வேண்டிய ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். பத்துச் சிமிட்டலுக்கு எத்தனை நொடி என்று பாருங்கள். 11,250ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். 150 நொடி என்றால் 75 வாட், 375 நொடி என்றால் 30 வாட். உங்கள் மீட்டரில் 1,600 என்று போட்டிருந்தால் 22,500ஐ வகுக்க வேண்டும்.

மே 15

“காயில் கட்டிய ஃபேன் 190 வாட் காட்டுகிறது!” என்று பதறி எழுதியிருக்கிறார். அது ஃபேன் இல்லை தம்பி. ஃபிரிட்ஜை அணைத்தீர்களா? இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும், அதையும் அணையுங்கள். செட்டாப் பெட்டி, இணைய ரவுட்டர் எல்லாம் விடாமல் மின்சாரம் குடிப்பவை. இவற்றையெல்லாம் அணைத்துவிட்டு மீண்டும் அளக்கவும்.

மே 17

மறுபடி அளந்திருக்கிறார்கள். பிஎல்டிசிக்குப் பத்துச் சிமிட்டல் 362 நொடி. 31 வாட். பெட்டியில் போட்டதற்கு ஒரு வாட் அதிகம், குற்றமில்லை.

காயில் கட்டியதற்கு 139 நொடி. 81 வாட்.

மூன்று முறை அளந்தாராம், மூன்று முறையும் அதேதான். புதிதாக இருந்தபோது 75 இருந்திருக்கும் என்றால் 6 வாட் கூடியிருக்கிறது. அந்தக் கடைக்காரர் செம்புதான் போட்டிருக்கிறார், அப்பா பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறார். கண்டென்சரும் புதிது. பேரிங்கும் சுத்தம். பிறகு எப்படி?

எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று இருக்கிறது. ஸ்டேட்டர், அதாவது காயிலைச் சுற்றும் இரும்புப் பகுதி, ஒரே கட்டி அல்ல, மெல்லிய தகடுகளை அடுக்கியது. ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவே மின்சாரம் தாண்டாமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சு உண்டு. பழைய காயிலை உளியால் வெட்டி இழுத்து எடுப்பது ஒரு முறை. வார்னிஷ் இறுகியிருந்தால் கை வலிக்கும். இன்னொரு முறை சுலபம். ஸ்டேட்டரைத் தீயில் போட்டுக் கொளுத்துவது. வார்னிஷ் சாம்பலாகிவிடும், காயில் தானாகக் கழன்று வரும். கூடவே அந்தப் பூச்சும் எரிந்துவிடும். அதற்குப் பிறகு தகடுகளுக்கிடையே மின்சாரம் வீணாகச் சுழன்று இரும்பைச் சூடாக்கும். கட்டியவர் எவ்வளவு நேர்மையாகச் செம்பைச் சுற்றினாலும் அந்த நட்டம் போகாது.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், பழைய காயிலை எப்படி எடுத்தார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

மே 18

இடையில் ஒருவர், அப்பா எந்த ஃபேனின் கீழ் தூங்குகிறார் என்று கேட்டிருந்தார். தம்பியின் பதில்: “படுக்கையறையில்தான். ரிமோட்டை யாரிடமும் தருவதில்லை.”

மே 21

கேட்டுவிட்டாராம். கொளுத்தித்தான் எடுத்தார்களாம். எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

நானும் 2011 வரை அப்படித்தான் எடுத்தேன். கடைக்குப் பின்னால் ஒரு தகர டின்னில் வாரத்துக்கு இரண்டு நாள் தீ எரியும். தகடு, பூச்சு, நட்டம் எதுவும் அன்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோடு குடிவந்தவர்கள் புகையைத் தாங்க முடியாமல் வந்து சத்தம் போட்டார்கள். அதனால்தான் நிறுத்தினேன்.